டனல் போட்டாச்சு... சாவி யார் கையில்?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒரு நூற்பாலைக்கு ராஜபாளையத்தில் ஆலையும் தலைமை அலுவலகமும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குடோனும் விற்பனை அலுவலகமும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். இரண்டுக்கும் நடுவே ஒரு லீஸ்டு லைன். இரண்டு பக்கமும் புத்தம்புது ஸ்விட்ச். விற்றவர் போகும்போது சொல்லிவிட்டுப் போயிருப்பார்: "யூசர் டிராஃபிக் மொத்தமும் டனல்ல போயிரும் முதலாளி, செக்யூரிட்டி பக்கா!" முதலாளியும் செக்கில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அந்த "பக்கா"தான் இங்கே பிரச்சினை.

டனல் போட்டதால் எதுவும் பத்திரமாகிவிடாது. "இந்தக் கம்ப்யூட்டர் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது" என்று முடிவெடுக்கும் இடம் சுவரோரத்து ஸ்விட்ச்சிலிருந்து தலைமை அலுவலகத்துக் கன்ட்ரோலருக்கு மாறுகிறது, அவ்வளவுதான். முடிவு சரியா தப்பா என்பது வேறு கேள்வி. அந்த முடிவை எடுத்தது யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நம்மூர் நிலவரத்தில் இதற்குப் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். கேமரா மாட்ட வந்தவரே கேபிளும் இழுப்பார், கேபிள் இழுத்தவரே ஸ்விட்ச்சும் வாங்கிக் கொடுப்பார், ஸ்விட்ச் வாங்கிக் கொடுத்தவரே பாஸ்வேர்டையும் வைத்துக் கொள்வார். ரொக்கம் வாங்குகிறவரும் கணக்கு எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அதே கணக்குப் புத்தகம் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகும் வழியை மட்டும் வெளியாள் ஒருவர் தன் இஷ்டத்துக்கு எழுதிவிட்டுப் போகலாமாம். என்ன நியாயம் இது?

சரி, இந்த டனல் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம். காமர்ஸ்காரர்கள் தாண்டக் கூடாது :-)

சாதாரண ஸ்விட்ச்சுக்கு ஒரே வேலை. இந்தக் கேபிளில் வந்ததை அந்தக் கேபிளுக்குத் தள்ளிவிடுவது. ஒன்றும் செய்யாமல் அப்படியே விட்டால், அதில் சொருகிய எல்லாக் கருவிகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி. கேமரா, பில் போடும் கம்ப்யூட்டர், ஆலையில் ரிங் ஃபிரேம் ஓட்டத்தைக் கணக்கெடுக்கும் கம்ப்யூட்டர், விருந்தாளியின் லேப்டாப் எல்லாம் ஒன்றையொன்று பார்க்கலாம், கதவைத் தட்டலாம். டேலி சர்வராக ஓடும் கம்ப்யூட்டர் வழக்கமாக 9000-ஆம் எண் போர்ட்டில் காது கொடுத்துக் கொண்டிருக்கும். அந்தக் காதில் வாசல் கேமராவும் பேசலாம் என்பதுதான் இதன் அர்த்தம்.

இதைப் பிரிக்க வந்தது வி-லேன். ஒரே ஸ்விட்ச்சுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பி, கணக்குப் பிரிவுக்கு ஒரு அறை, கேமராவுக்கு ஒரு அறை என்று வைப்பது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வழக்கமாகச் செய்யும் முறையில் உரிமை சுவரில் இருக்கும் ஓட்டைக்குத்தான், ஆளுக்கு இல்லை. 7-ஆம் போர்ட் கணக்குப் பிரிவு என்று எழுதி வைத்தால், 7-ல் யார் வந்து சொருகினாலும் அவர் கணக்குப் பிரிவு. டேபிளை இடம் மாற்றினால், வெள்ளையடிக்க வந்தவர்கள் கேபிளைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகினால், கதை கந்தல்.

இங்கேதான் டனல் வருகிறது. ஸ்விட்ச் தானாக முடிவெடுக்காது. வந்த பாக்கெட்டை இன்னொரு உறைக்குள் அப்படியே போட்டு, கன்ட்ரோலரின் முகவரியை எழுதி அனுப்பிவிடும். கிளைத் தபால் நிலையத்தில் விழுந்த கடிதங்களைப் பையில் கட்டி அனுப்புவார்களே, அந்த மாதிரி. பிரிப்பதும் சோதிப்பதும் "போ" அல்லது "போகாதே" என்று சொல்வதும் கன்ட்ரோலர். உறை போடும் முறைக்கு ஜி.ஆர்.ஈ. என்று பெயர். 1994-ல் முதன்முதலாக எழுதி வெளியிட்டார்கள், 2000-ல் திருத்தினார்கள். ஆக, புதிதாகக் கண்டுபிடித்த மந்திரம் எதுவும் இதில் இல்லை. (ராஜபாளையம் வழியாகப் போகும் ரயில் பாதையில் செங்கோட்டையைத் தாண்டினால் நிஜமான மலைக் குகைகள் வரும். ரயில் இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்கம்தான் வெளியே வர வேண்டும், நடுவில் இறங்க முடியாது. டனல் என்ற பெயர் பொருந்துவது அதுவரைக்கும்தான்.)

வைஃபையில் இந்த ஏற்பாடு வெகுகாலமாக உண்டு. 2002-ல் தொடங்கி, 2015-ல் ஹெச்.பி. வாங்கிய அரூபா மாதிரி நிறுவனங்கள் வைஃபை ஆன்டெனாப் பெட்டியிலிருந்து கன்ட்ரோலருக்கு இப்படித்தான் உறை போட்டு அனுப்பின. பிற்பாடு அதையே கேபிள் சொருகும் ஸ்விட்ச்சுக்கும் கொண்டு வந்தார்கள். வயர் இல்லாமல் வருபவனுக்கு ஒரு சட்டம், வயரோடு வருபவனுக்கு இன்னொரு சட்டமா என்ற கேள்விதான் காரணம். நியாயமான கேள்வி.

இதில் இரண்டு வகை. ஒன்று, போர்ட்டை வைத்து டனல். 1 முதல் 24 வரை எந்த ஓட்டையில் எது வந்தாலும் கன்ட்ரோலருக்குத் தள்ளு. இன்னொன்று, ஆளை வைத்து டனல். கேபிளைச் சொருகியதும் ஸ்விட்ச் "யாரப்பா நீ?" என்று கேட்கும். கம்ப்யூட்டரானால் பெயர், பாஸ்வேர்ட் அல்லது சான்றிதழ் காட்டும். 2001-ல் வந்த 802.1எக்ஸ் என்ற விதி இதற்குத்தான். கேமரா, பிரின்டர் மாதிரி வாய் பேசத் தெரியாத கருவியானால் அதன் மேக் முகவரியைப் பார்க்கும். அதை ரேடியஸ் சர்வரிடம் கேட்டு, "இது கணக்குப் பிரிவு", "இது கேமரா", "இது விருந்தாளி" என்று ஒரு ரோல் வாங்கும். அந்த ரோலில் "டனல்" என்று எழுதியிருந்தால் கன்ட்ரோலருக்கு, இல்லையென்றால் உள்ளூரிலேயே. ஒரே ஓட்டையில் இன்று கணக்குப் பிள்ளையும் நாளை ஆடிட்டரும் சொருகலாம். உரிமை ஆளோடு போகும்.

இரண்டாவது வகை அருமையான ஏற்பாடு. அதில் சண்டையே இல்லை. சண்டை எல்லாம், இரண்டாவது வகையை விலைக்கு வாங்கிவிட்டு முதல் வகையைப் போட்டுக் கொள்கிறவர்களோடுதான். ஆள் வாரியாகப் போட வேண்டுமானால் யார் யார், எது எது என்று பட்டியல் வேண்டும். பட்டியல் வேண்டுமானால் முதலாளியோ மேனேஜரோ அரை நாள் உட்கார வேண்டும். யார் உட்காருவது? "எல்லா போர்ட்டையும் டனல்ல போட்டிரு தம்பி" என்று சொன்னால் மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது.

அப்புறம் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்தில் பில் போடுபவர் பக்கத்து டேபிள் பிரின்டருக்கு ஒரு பில் அனுப்புகிறார். அது கிளம்பி ராஜபாளையம் போய், கன்ட்ரோலரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, திரும்ப ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து மூன்றடி தள்ளியிருக்கும் பிரின்டரில் இறங்கும். தூரம் பிரச்சினை இல்லை. கண்ணாடி இழையில் 12 கிலோமீட்டரை ஒளி ஏறக்குறைய 60 மைக்ரோ நொடியில் தாண்டிவிடும். பிரச்சினை அகலம். குடோனில் 16 கேமரா, ஒவ்வொன்றும் 4 எம்.பி.பி.எஸ். என்றால் மொத்தம் 64. லீஸ்டு லைன் 50 என்றால் முடிந்தது கதை. கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி அதே குடோனில், அதே ஸ்விட்ச்சில் சும்மா உட்கார்ந்திருக்கும். படமோ ராஜபாளையம் ரோட்டில் நெரிசலில் நிற்கும். பில்லும் அதன் பின்னால் நிற்கும்.

அடுத்தது உறையின் கனம். ஒரு சாதாரண பாக்கெட் 1500 பைட் வரை வரலாம். அதன் ஈதர்நெட் தலைப்பு 14, ஜி.ஆர்.ஈ. தலைப்பு 4, வெளி முகவரிக்கு 20. ஆக 1538. வழியில் இருக்கும் கருவிகளில் ஏதாவது ஒன்று 1500-க்கு மேல் தாங்காது என்றால், பெரிய பாக்கெட்டை உடைத்து அனுப்ப வேண்டும் அல்லது சத்தமில்லாமல் கீழே போட வேண்டும். சத்தமில்லாமல் போடுவதுதான் கொடுமை. பிங் போகும். லாகின் பக்கம் திறக்கும். பெரிய ரிப்போர்ட் எடுத்தால் மட்டும் சுற்றிக் கொண்டே இருக்கும். ஸ்விட்ச்காரர் லைன்காரரைச் சொல்வார், லைன்காரர் சாஃப்ட்வேர்காரரைச் சொல்வார், சாஃப்ட்வேர்காரர் "ரீ-ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பார். டனல் போடுமுன் வழி முழுவதும் பெரிய பாக்கெட் போகிறதா என்று ஒரு தடவை அனுப்பிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

தபால் பை உதாரணத்தில் ஒன்று விட்டுப் போயிற்று. தபால் பைக்கு அரக்கு முத்திரை உண்டு. ஜி.ஆர்.ஈ. உறைக்கு முத்திரையும் கிடையாது, பூட்டும் கிடையாது. உள்ளே இருப்பதை அது மறைப்பதில்லை. ஒரே கட்டடத்துக்குள் என்றால் பரவாயில்லை. இரண்டு ஊருக்கு நடுவே வேறொருவரின் லைனில் போகும்போது, மேலே ஐ.பி.செக் மாதிரி ஒரு பூட்டைத் தனியாகப் போட வேண்டும். "டனல்ல போகுது, யாரும் பாக்க முடியாது" என்று யாராவது சொன்னால், அவர் டனலையும் பூட்டையும் ஒன்றாக நினைத்துக் கொண்டிருக்கிறார்.

"இதெல்லாம் டெல்லி, பம்பாய்க்குச் சரி. நம்மூர் மில்லுக்கு எவன் அண்ணாச்சி வரப் போறான்?"

வருகிறவன் ஊர் பார்த்து வருவதில்லை. 2017 மே 12-ஆம் தேதி கிளம்பிய வானாகிரை, முகவரி விசாரித்துக் கொண்டு போகவில்லை. விண்டோஸில் ஒரு ஓட்டை, அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் அந்த வருடம் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போட்டுக் கொள்ளாத கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தால் போதும், அங்கிருந்து கைக்கெட்டிய எல்லாவற்றுக்கும் தானே தாவியது. 150-க்கும் மேற்பட்ட நாடுகள். "கைக்கெட்டிய" என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை.

தூரமாகப் போக வேண்டாம், இதே தென் தமிழ்நாட்டில் கூடங்குளத்தையே பார்க்கலாம். 2019 அக்டோபர் கடைசியில் அணுமின் நிலையத்தில் வைரஸ் புகுந்ததாகச் செய்தி வந்தது. முதலில் மறுப்பு. அடுத்த நாள், அக்டோபர் 30-ல், இந்திய அணுமின் கழகம் ஒப்புக் கொண்டது. செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் சொல்லியிருந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டோடு இணைத்திருந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டர், அது முக்கியமான உள் நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது என்று அறிக்கை சொன்னது. முதல் நாள் மறுப்பைப் பற்றி ஆயிரம் திட்டலாம். ஆனால் அந்த அறிக்கையில் நாட்டுக்கே நிம்மதி கொடுத்த வார்த்தை "பிரிக்கப்பட்டிருக்கிறது" என்பதுதான்.

பிரிக்காத இடத்துக்கும் உதாரணம் உண்டு. 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. ஓ.பி. சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை நாள் கணக்கில் கையால் எழுதினார்கள். ஐந்து சர்வர்கள் பாதிப்பு, ஏறக்குறைய 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது என்று டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. காரணமாகச் சொன்னது, நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காதது. நாட்டின் முதல் மருத்துவமனைக்கே இந்தக் கதி. 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் ஏறக்குறைய நான்கு கோடி கார்டு விவரங்கள் திருடு போனபோது, திருடர்கள் உள்ளே நுழைந்தது குளிர்சாதனப் பராமரிப்பு கான்ட்ராக்டருக்குக் கொடுத்திருந்த லாகின் வழியாக. ஏ.சி.க்காரரின் சாவியில் கல்லாப் பெட்டி திறந்தது!

ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல் தலை வெளியிட்டார்கள். வாசலில் நின்றால் வேற்றாள் உள்ளே நுழைய முடியாது, உண்மைதான். ஃபயர்வால் என்ற பெயரில் வாசலில் ஒன்றைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நினைப்பது இதைத்தான். ஆனால் கேமரா ரிப்பேருக்கு முதலாளியே கூட்டி வந்த ஆளைப் பார்த்து நாய் வாலைத்தான் ஆட்டும். உள்ளே வந்த பிறகு அவர் எந்த அறைக்குப் போகிறார் என்று பார்ப்பது வேறு வேலை. ஆள் வாரி டனல் அந்த வேலையைச் செய்யும். செய்யச் சொல்லி எழுதினால்!

எப்படி எழுதுவது? சொந்த ஊழியர் பக்கத்து பிரின்டரோடும் உள்ளூர் சர்வரோடும் பேசுவதற்கு டனல் தேவையில்லை, வி-லேனும் ஒரு சின்ன அனுமதிப் பட்டியலும் போதும். கேமராவின் படம் குடோனிலேயே தங்கட்டும், பதிவுப் பெட்டியைத் தவிர வேறு எதையும் அது தொட வேண்டாம். கேமராவுக்கு ரோல் கொடுக்கும்போது இன்னும் கஞ்சத்தனம் வேண்டும். அதன் மேக் முகவரி பெரும்பாலும் அதன் உடம்பிலேயே ஸ்டிக்கரில் இருக்கும், அதைப் பார்த்து ஒரு லேப்டாப்புக்கு அதே முகவரியை வைத்துக் கொள்வது பெரிய வித்தை இல்லை. டனலில் போக வேண்டியது யார்? விருந்தாளி, சர்வீஸுக்கு வந்தவர், ஆடிட்டரின் உதவியாளர், யாரென்று தெரியாத கருவி. அதாவது, எவர்மேல் ஒரு கண் இருக்க வேண்டுமோ அவர்கள். கன்ட்ரோலர் அவர்களை உட்காரவைத்துப் பார்த்து அனுப்பட்டும்.

ஒரே கட்டடத்தில் இருபது கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு டனலே வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு சின்ன யூனிட்டோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையோ கன்ட்ரோலர் வாங்குவது, கால் கிலோ பால்கோவா கொண்டுபோக லாரி பிடிப்பது மாதிரி. ஒழுங்காகப் போட்ட வி-லேன் போதும். அதைச் சொன்னால் கமிஷன் குறையும் என்பதால் விற்பவர் சொல்ல மாட்டார்.

இனி எல்லாவற்றிலும் மோசமான விஷயம். கன்ட்ரோலர் செத்துப் போனால்?

கன்ட்ரோலர் ஒரு பெட்டி, அதற்கும் கரண்ட் போகும். லீஸ்டு லைன் ஒரு கேபிள், ரோடு போடுகிறவர்கள் அதையும் வெட்டுவார்கள். அந்த நேரத்தில் டனலில் போக வேண்டிய ஆளை ஸ்விட்ச் என்ன செய்ய வேண்டும்? இதற்கும் கான்ஃபிகரேஷனில் இடம் உண்டு. இரண்டாவது கன்ட்ரோலரின் முகவரியைக் கொடுக்கலாம். சில ஸ்விட்ச்சுகளில், டனல் எழும்பவில்லை என்றால் உள்ளூரிலேயே விட்டுவிடு என்று எழுதலாம். ரேடியஸ் சர்வர் பதில் சொல்லாவிட்டால் என்ன ரோல் கொடுப்பது என்றும் எழுதி வைக்கலாம். மொத்தமே ஒன்றிரண்டு வரிதான். அந்த வரியில்தான் ஆயிரம் ரூபாய் ஏற்பாடும் பத்து லட்ச ரூபாய் ஏற்பாடும் ஒன்றாகிவிடுகின்றன.

போன் அழைப்புக்குப் பயப்படுகிற இன்ஜினியர் என்ன எழுதுவார்? "டனல் இல்லையா, எல்லாரையும் எல்லாவற்றுக்கும் விடு." யாரும் போன் பண்ண மாட்டார்கள், வேலை நடக்கும். ஆனால் அன்றைக்கு விருந்தாளியும் கேமராவும் டேலி கம்ப்யூட்டரும் ஒரே கூடத்தில். கெட்டவனுக்குக் கன்ட்ரோலரை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை, அது செத்திருந்தால் போதும். ரொம்ப ஸ்ட்ரிக்டான இன்ஜினியர் நேர்மாறாக எழுதுவார்: "டனல் இல்லையா, யாருக்கும் எதுவும் கிடையாது." பாதுகாப்பு பிரமாதம். ஆனால் 2023 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து கோடிக்கு மேல் வியாபாரம் செய்பவர்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு ஈ-இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டும். ஈ-வே பில் வேறு. நெட் இல்லையென்றால் நம்பர் இல்லை, நம்பர் இல்லையென்றால் நூல் ஏற்றிய லாரி கேட்டைத் தாண்டாது. டிரைவர் டீக்கடையில், பார்ட்டி போனில், மேனேஜர் ஸ்விட்ச் முன்னால்.

இரண்டும் தப்பு. பில் போடும் இரண்டு கம்ப்யூட்டருக்கு, இன்வாய்ஸ் எடுக்கும் தளத்துக்கு மட்டும், உள்ளூரில் ஒரு மாற்று வழி. விருந்தாளிக்கு ஒன்றுமில்லை, காத்திருக்கட்டும். கேமராவுக்குப் பதிவுப் பெட்டி மட்டும். இதை முடிவு செய்ய நெட்வொர்க் படிப்பு தேவையில்லை, எந்த வியாபாரம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று தெரிந்தால் போதும். அது யாருக்குத் தெரியும்? மதுரையிலிருந்து பஸ்ஸேறி வந்து மாலை பஸ்ஸில் திரும்பும் இன்ஜினியருக்கா? அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, எனவே அவருக்குத் தெரிந்ததை எழுதினார். சொல்ல வேண்டியவர்கள், "அது கம்ப்யூட்டர் சமாச்சாரம்" என்று கை கழுவிக் கொண்ட அக்கவுண்டன்ட்டும் மேனேஜரும் முதலாளியும்தான்.

அதிலும் அக்கவுண்டன்ட் கை கழுவவே முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைக்கவும் கூடாது. ஆடிட்டர் அதைப் பற்றித் தன் அறிக்கையில் எழுத வேண்டும். நல்லது. ஆனால் அந்தத் தடம் "அட்மின்" என்று ஒரு பெயரையும் ஒரு ஐ.பி. எண்ணையும் மட்டும் காட்டினால்? அந்த எண் அன்றைக்கு யாரிடம் இருந்தது? எல்லாரும் ஒரே கூடத்தில் இருக்கும் நெட்வொர்க்கில் இதற்குப் பதிலே கிடையாது. 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் போட்ட உத்தரவு, தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் சொல்லச் சொல்கிறது, 180 நாள் லாக் வைத்திருக்கச் சொல்கிறது. 2023-ல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. கம்பு சுற்றுவது யார் என்றே தெரியாமல் ஆறு மணி நேரத்தில் என்னத்தைச் சொல்வது? ஆள் வாரி ரோல் போட்ட நெட்வொர்க்கில் இன்ன நேரத்தில், இன்ன ஆள், இன்ன ஸ்விட்ச்சில், இன்ன ஓட்டையில் சொருகினார் என்று இருக்கும். டனல் விற்பவர்கள் வேகத்தையும் "பக்கா"வையும் சொல்லி விற்கிறார்கள். சொல்லி விற்க வேண்டியது இதைத்தான்.

செக்கில் யார் கையெழுத்துப் போடலாம், எத்தனை ரூபாய் வரை போடலாம் என்று போர்டு தீர்மானம் போடுகிறார்கள். பாங்க் மேனேஜர் வாய் வார்த்தையை ஏற்பதில்லை. எந்த ரோலுக்கு எந்த வழி, டனல் விழுந்தால் யாருக்கு என்ன, கன்ட்ரோலர் பாஸ்வேர்ட் யாரிடம், அதன் நகல் எந்த பீரோவில் என்பதும் அப்படி ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டிய சமாச்சாரம். அந்தப் பக்கத்தைப் பார்த்து இன்ஜினியர் கான்ஃபிகரேஷன் எழுதட்டும். கான்ஃபிகரேஷனைப் பார்த்து முதலாளி புரிந்து கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது, பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்து வாட்ச்மேன் சம்பள உயர்வு கேட்க வேண்டும் என்பது போல.

அடுத்த தடவை ஏ.எம்.சி. புதுப்பிக்க ஆள் வரும்போது, டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டு, ராஜபாளையத்துக் கன்ட்ரோலரின் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு போன் போட்டு, ஒரு ஈ-இன்வாய்ஸ் எடுக்க முடிகிறதா என்று கேளுங்கள். விருந்தாளிக்கான ஓட்டையில் ஒரு லேப்டாப்பைச் சொருகி, டேலி கம்ப்யூட்டரின் 9000 திறக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது நடந்து, இரண்டாவது நடக்காவிட்டால் கேபிளைத் திரும்பச் சொருகலாம், செக்கிலும் கையெழுத்துப் போடலாம். இரண்டாவதும் நடந்தால் செக் புத்தகத்தை உள்ளே வைத்துவிட்டு, அந்த ஒன்றிரண்டு வரியை எழுதியது யார் என்று கேளுங்கள்.